மௌனம் சம்மதம் அல்ல



போன வாரம் மலைக்கோட்டை அடிவாரத்தில் காலை நடையை முடித்துவிட்டு டீக்கடையில் நின்றிருந்தோம். நண்பர் ஒருவரின் மகன் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனியில் நல்ல வேலை. பேச்சு எங்கள் ஓய்வூதியர் இணையதளத்துக்குத் திரும்பியது. பக்கங்களைத் தயாரிக்கும் வேலைகளை, ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று ஓட விடுகிறோம் என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

"அங்கிள், அது கவர்மென்ட் ஆபீஸ் பழக்கம். இப்ப எல்லாமே ஒரே நேரத்துல ஓடணும். வரிசை பாத்துக்கிட்டு நின்னா வேலை ஆகாது. அப்படியே வரிசை வேணும்னாலும் அதுக்குன்னு ஒரு லைப்ரரி இருக்கும். போட்டுட்டுப் போயிட்டே இருக்கணும்."

நாலு பேர் நடுவில் வாக்குவாதம் வேண்டாம் என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மனம் ஆறவில்லை. அவர் சொன்னதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. வரிசை என்பது பழைய பழக்கம் என்பது ஒன்று. ஒரு லைப்ரரியைப் போட்டால் வரிசை தானாக வந்துவிடும் என்பது மற்றொன்று. இது முதலாவதைவிடப் பெரிய தவறு. இந்த இரண்டு தவறுகளையும் நாங்களே செய்திருக்கிறோம். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

"தாலுகா ஆபீஸ் கதை படிக்க வந்தோம், இது என்ன ஜாவாஸ்கிரிப்ட்?" என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். பெயர்கள்தான் புதிது. விஷயம் நாம் முப்பத்து சொச்சம் வருடம் பார்த்த அதே விஷயம்.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது 1995-ல் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் முதல் வடிவம் கொடுத்த கணினி மொழி. இணையப் பக்கத்தில் பட்டனை அழுத்தினால் ஏதாவது நடக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்தது. 2009-ல் ரையான் டால் என்பவர் 'நோட்' என்ற ஒன்றைச் செய்து, அந்த மொழியை உலாவிக்கு வெளியே கொண்டுவந்து எல்லா வேலைக்கும் பழக்கினார். அதன் சுபாவம் என்னவென்றால், ஆள் ஒருவன்தான், ஆனால் எதற்காகவும் காத்து நிற்க மாட்டான். 'இந்தக் கோப்பைப் படித்து வா' என்று டிஸ்க்கிடம் சொல்லிவிட்டு, அது வருவதற்குள் அடுத்த வேலையை எடுத்துவிடுவான். இதை 'அசின்க்ரனஸ்' என்கிறார்கள். நான் 'காத்திராத வேலை' என்று சொல்லிக்கொள்வேன்.

இதில் நமக்குப் புரியாதது என்ன இருக்கிறது? நாம் எல்லோருமே காத்திராத குமாஸ்தாக்கள்தானே? ஒரு மனுவின் மேல் அறிக்கை கேட்டு வட்டாட்சியருக்குக் கடிதம் போகும். பதில் வரும்வரை அந்தக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தோம்? அடுத்த கோப்பை எடுத்தோம். மறுநாள் தபாலில் பதில் வந்தால் பழைய கோப்பு மறுபடி மேசைக்கு வரும். மதராஸ் மாகாணக் காலத்திலிருந்து வந்த டாட்டன்ஹாம் முறை இதைத்தான் சொல்கிறது. ஒரே குமாஸ்தாவின் கையில் இருநூறு கோப்புகள் ஒரே சமயத்தில் உயிரோடு இருக்கும். ஆனால் ஒன்று கூடத் தொலையாது. காரணம், தன்பதிவேடு. எந்த நடப்பு எண்ணில் யாருக்கு எழுதினோம், என்றைக்கு எழுதினோம், பதில் வந்ததா, நினைவூட்டு போயிற்றா என்று கட்டம் கட்டமாக அதில் இருக்கும். பதில் வராத கட்டம் காலியாகவே இருக்கும். காலியாக இருக்கும்வரை அது நிலுவை.

இந்தக் காலிக் கட்டத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான்.

இப்போது எங்கள் இணையதளக் கதை. நாங்கள் எட்டுப் பேர், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், நம் ஊர் ஓய்வூதியர்களுக்காக ஒரு சின்னத் தளம் நடத்துகிறோம். அரசாணைகள், படிவங்கள், எந்த வேலைக்கு என்னென்ன தாள் வேண்டும் என்ற பட்டியல்கள், சில சமயம் இரங்கல் செய்திகள். மொத்தம் நாற்பது பக்கம் இருக்கும். நாங்கள் சாதாரண எழுத்தாக எழுதி வைப்போம். அதைப் பக்கமாக மாற்றுவது, படங்களைச் சுருக்குவது, எழுத்தின் அழகைச் சேர்ப்பது, கடைசியில் சர்வருக்கு ஏற்றுவது ஆகியவற்றைக் கணினியே செய்ய, அப்போது இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த என் பேரன் 'கல்ப்' என்ற கருவியில் எழுதிக் கொடுத்தான். அன்றைக்கு ஓடியது கல்ப்பின் மூன்றாம் பதிப்பு.

அதில் ஒரு வேலைக்கு முன்னால் எவையெல்லாம் நடக்க வேண்டும் என்று சதுர அடைப்புக்குள் பட்டியல் கொடுக்கலாம். பேரன் 'மாற்று, சுருக்கு, அழகுசெய், ஏற்று' என்று ஒரே பட்டியலாகப் போட்டிருந்தான். பார்க்கிறவன் கண்ணுக்கு அது வரிசை. நானும் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு" என்றேன். ஆனால் அந்தப் பதிப்பில் அடைப்புக்குள் இருப்பது வரிசை அல்ல. அதிலிருக்கும் எல்லா வேலைகளும் ஒரே நேரத்தில் தொடங்கும். இது ரகசியம் இல்லை, கருவியின் விளக்கக் குறிப்பிலேயே எழுதியிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. இடமிருந்து வலம் எழுதினால் இடமிருந்து வலம் நடக்கும் என்று நம்பினோம்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு வருடம் எந்தப் பிழையும் இல்லை. அப்போது எங்கள் வீட்டில் பழைய டெலிபோன் ஒயர் வழியாக வந்த இணைப்பு. ஏற்றும் வேலை சர்வரோடு தொடர்பு பிடிக்கவே பத்து இருபது விநாடி ஆகும். அதற்குள் மாற்றும் வேலை முடிந்துவிடும். ஆக, வரிசையைக் காப்பாற்றியது எங்கள் எழுத்து அல்ல, அந்த ஒயரின் மந்தம்.

2018-ல் ஃபைபர் இணைப்பு வாங்கினோம். வேகம் கூடியது. அந்த மே மாதம் குடும்ப ஓய்வூதியர்களுக்கான பட்டியலில் ஒரு திருத்தம் செய்தேன். மறுமணம் செய்யாமைச் சான்று எங்கள் பழைய பட்டியலில் விட்டுப்போயிருந்தது, அதைச் சேர்த்தேன். கட்டளை கொடுத்தேன். 'முடிந்தது' என்று திரையில் வந்தது. முகப்பைத் திறந்து பார்த்தேன். அன்றைய தேதி போட்டிருந்தது. திருப்தியாக மூடிவிட்டேன்.

நடந்தது இதுதான். முகப்புப் பக்கம் சிறியது, சட்டென்று மாறிவிட்டது. பட்டியல் பக்கம் மாறி முடிவதற்குள், ஏற்றும் வேலை ஃபைபர் வேகத்தில் கிளம்பி, அந்த இடத்தில் கிடந்த பழைய பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முகப்பில் புதுத் தேதி, உள்ளே பழைய பட்டியல். ஒன்றும் ஏறாமல் போயிருந்தால்கூட யாராவது போன் செய்து கேட்டிருப்பார்கள். பாதி புதிது பாதி பழையது என்றால் யாருக்கும் சந்தேகமே வராது.

என்னோடு வேலை பார்த்து இறந்துபோன ஒரு நண்பரின் மனைவி நத்தம் பக்கத்தில் இருக்கிறார். அப்போது ஆண்டு நேர்காணல் ஏப்ரல் முதல் ஜூன் வரை நடக்கும். அவர் எங்கள் தளத்தைப் பேத்தியிடம் காட்டச் சொல்லி, தேதியைப் பார்த்துவிட்டு, அதில் உள்ள தாள்களை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, மே மாத வெயிலில் பஸ் ஏறி வந்திருக்கிறார். ஒரு சான்று குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்கள் மேல் குற்றம் இல்லை. சாயங்காலம் எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, நீங்க போட்டிருந்ததப் பாத்துட்டுத்தானே போனேன்? இன்னைக்குத் தேதிதானே இருந்துச்சு?"

நான் என்ன பதில் சொல்ல? கணினி தப்பு என்றா?

பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என் மெஷின்ல பத்து தடவ ஓட்டிப் பாத்தேன் தாத்தா, சரியா வந்துச்சே" என்றான். பொய் சொல்லவில்லை. பத்து முறை சரியாக வந்ததுதான் ஆபத்து. சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை எப்படிச் செய்வார்கள் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணியில் முடிச்சுப் போட்ட பிறகுதான் சாயத்தில் முக்க வேண்டும். முதலில் முக்கிவிட்டு அப்புறம் முடிச்சுப் போட்டால் அந்தச் சேலையில் புள்ளியே விழாது. முடிச்சுப் போடுகிறவரும் முக்குகிறவரும் ஒரே நேரத்தில் வேலையைத் தொடங்கி, 'எப்படியோ இதுவரை சரியாத்தான் வருது' என்று சொன்னால் அந்தப் பட்டறையில் யாராவது நூல் கொடுப்பார்களா? அதிர்ஷ்டத்தால் வரும் வரிசை வரிசையே அல்ல.

எனவே பெங்களூர்த் தம்பியின் முதல் வாதத்துக்கு என் பதில்: வேகம் கூடக் கூட வரிசையின் தேவை குறைவதில்லை, அதிகமாகிறது. மெதுவான உலகத்தில் மந்தமே பல தவறுகளை மறைத்துவிடும். வேகமான உலகத்தில் அந்த மறைப்பு கிடையாது.

இனி இரண்டாவது வாதம், லைப்ரரி.

பேரன் மறுநாளே மருந்து கண்டுபிடித்துவிட்டான். 'ரன் சீக்வென்ஸ்' என்று ஒரு சின்ன உதவி லைப்ரரி. அந்தக் காலத்தில் கல்ப் வைத்திருந்தவர்கள் பலரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் பெயர்களை வரிசையாக எழுதினால் ஒன்று முடிந்த பின் ஒன்று ஓடும். அடைப்புக்குள் சேர்த்து எழுதியவை மட்டும் ஒன்றாக ஓடும். முதலில் 'அழி', அப்புறம் அடைப்புக்குள் 'மாற்று, சுருக்கு, அழகுசெய்', அவை எல்லாம் முடிந்த பின் 'ஏற்று'. நல்ல ஏற்பாடு. எதையும் குறை சொல்ல மாட்டேன். போட்டோம். ஓட்டினோம். மறுபடியும் பழைய பக்கமே ஏறியது!

இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. 'ரன் சீக்வென்ஸ்' வரிசையைக் காப்பது உண்மை. ஆனால் ஒரு வேலை முடிந்ததா இல்லையா என்று அதற்கு எப்படித் தெரியும்? அந்த வேலைதான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மூன்று வழி. கோப்புகள் ஓடும் குழாயின் நுனியை 'ரிட்டர்ன்' என்று திருப்பிக் கொடுக்கலாம். 'பிராமிஸ்' என்ற வாக்குறுதிச் சீட்டைக் கொடுக்கலாம். அல்லது முடிந்ததும் கூப்பிட ஒரு 'கால்பேக்' வைத்துக்கொள்ளலாம். எங்கள் 'மாற்று' வேலை இந்த மூன்றில் ஒன்றையும் செய்யவில்லை. 'ரிட்டர்ன்' என்ற ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. ஒன்றும் சொல்லாத வேலையைக் கல்ப்பின் மூன்றாம் பதிப்பு முடிந்த வேலை என்று எடுத்துக்கொண்டது. மாற்றும் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும்போதே, லைப்ரரி 'சரி, முடிந்தது' என்று அடுத்ததைக் கூப்பிட்டுவிட்டது.

மௌனம் சம்மதம் என்பது கல்யாணப் பேச்சில் ஒருவேளை செல்லும். அலுவலகத்தில் செல்லாது. வட்டாட்சியரிடமிருந்து பதில் வரவில்லை என்றால், 'ஆட்சேபணை இல்லை போலிருக்கிறது' என்று எழுதி எந்தக் குமாஸ்தாவாவது பட்டா மாற்ற ஆணை தட்டச்சு செய்ததுண்டா? செய்திருந்தால் மறுநாள் மெமோ வந்திருக்கும். பதில் வராவிட்டால் கட்டம் காலி. கட்டம் காலி என்றால் நிலுவை. மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியலில் அது பல்லை இளிக்கும். நினைவூட்டு போகும். முடிந்தது என்று ஒருவர் எழுத்தில் சொல்லாதவரை எதுவும் முடியவில்லை. 'முடியாது' என்று வந்தாலும் பரவாயில்லை, அதுவும் பதில்தான். அங்கேயே நிறுத்திவிட்டு மேலே கேட்கலாம்.

2018 கடைசியில் கல்ப்பின் நான்காம் பதிப்பு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோது இந்த விஷயத்தில் சரியான பக்கம் திரும்பியது என்பதைச் சொல்ல வேண்டும். 'சீரிஸ்' என்றால் ஒன்றன்பின் ஒன்று, 'பேரலல்' என்றால் ஒன்றாக, என்று இரண்டையும் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், ஒன்றும் சொல்லாத வேலையை அது முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை. அடுத்த வேலையைத் தொடங்காமல் நின்று, 'இன்ன வேலை முடியவில்லை, முடிந்ததைச் சொல்ல மறந்துவிட்டீர்களா?' என்ற பொருளில் திரையில் கேட்கிறது. முதன்முதல் அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் பழைய சூப்பிரண்டென்ட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்பது போலவே இருந்தது. இளைஞர்கள் பலர் அந்தக் கேள்வியைத் தொல்லை என்கிறார்கள். எனக்கு அது மரியாதையான கேள்வி.

அந்தப் பதிப்புக்கு நாங்கள் உடனே மாறவில்லை. 'ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும்' என்று இருந்துவிட்டோம். 'ரன் சீக்வென்ஸ்' லைப்ரரியைச் செய்தவர், நான்காம் பதிப்பு வரும்வரை இது தற்காலிக ஏற்பாடு என்று அதன் குறிப்பிலேயே எழுதி வைத்திருந்தார். தற்காலிகம்! 10(அ)(1)-ல் வேலைக்குச் சேர்ந்து வருடக் கணக்காய் 'தற்காலிகம்' என்ற பெயரிலேயே உட்கார்ந்திருந்தவர்களை நாம் பார்க்காததா? எங்கள் லைப்ரரியும் அப்படித்தான் உட்கார்ந்துவிட்டது. 2019 ஏப்ரலில் நோட்டின் பன்னிரண்டாம் பதிப்பு வந்தது. பேரன் கணினியைப் புதுப்பித்தான். அவ்வளவுதான், எங்கள் கல்ப் எழுந்திருக்கவே இல்லை. 'பிரைமார்டியல்ஸ்' என்று ஏதோ ஒன்று வரையறுக்கப்படவில்லை என்று ஒரு வரி. பழைய கல்ப் நம்பியிருந்த வேறொரு பழைய லைப்ரரி, நோட்டின் உள்ளறைக்குள் கை நீட்டிப் பொருள் எடுத்துக்கொண்டிருந்ததாம். உள்ளறையை மாற்றியதும் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. எங்களுக்கு மட்டும் அல்ல, உலகம் முழுக்கப் பழைய கல்ப்போடு அந்தப் பதிப்புக்கு மாறியவர்களுக்கும் அதே வரிதான்.

உதவி லைப்ரரியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் நாம் கூட்டி வருகிற உதவியாள் யார், அவர் தனக்கு யாரை உதவிக்கு வைத்திருக்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட் பேட்' என்ற பதினொரு வரி லைப்ரரியை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். எழுத்துக்கு இடது பக்கம் இடைவெளி நிரப்புவதுதான் அதன் வேலை. அதை நேராகவோ மறைமுகமாகவோ நம்பியிருந்த எத்தனையோ பெரிய நிறுவனங்களின் வேலைகள் சில மணி நேரம் படுத்துவிட்டன. 2018-ல் 'ஈவென்ட் ஸ்ட்ரீம்' என்ற, கல்ப் உலகத்தில் நன்றாகப் பழகிய லைப்ரரி ஒன்றைப் பராமரித்தவர், உதவி செய்கிறேன் என்று வந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் பணப்பை ஒன்றிலிருந்து திருடுவதற்கான சரக்கை அதற்குள் நுழைத்துவிட்டார். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரர்கள் நாம். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதை நமக்குச் சொல்லித்தர வேண்டுமா?

இன்றைக்கு இந்த மாதிரிச் சின்ன வரிசைக்குத் தனி லைப்ரரியே தேவையில்லை. 2017-லிருந்து மொழியிலேயே 'அவெய்ட்' என்ற சொல் இருக்கிறது. 'காத்திரு' என்று பொருள். ஆனால் அங்கேயும் அதே பள்ளம் இருக்கிறது. அந்தச் சொல்லை எழுத மறந்தால் யாரும் காத்திருக்க மாட்டார்கள். 'ஃபார்ஈச்' என்ற வழியில் ஒரு பட்டியலைச் சுற்றி வந்தால், உள்ளே 'காத்திரு' என்று எழுதியிருந்தாலும் அது வெளியே காத்திருக்காது. எல்லா வேலையையும் கிளப்பிவிட்டுத் தான் முடிந்ததாக நடந்துகொள்ளும். கருவி எத்தனை மாறினாலும், முடிந்ததைச் சொல்லும் பொறுப்பு வேலை செய்கிறவனிடம்தான் இருக்கிறது. அதை எந்த லைப்ரரியும் நம் தலையிலிருந்து இறக்கி வைக்காது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, நம் பக்கத்துக் குற்றத்தைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. அந்தத் தம்பி 'கவர்மென்ட் ஆபீஸ் பழக்கம்' என்று கேலி செய்ததில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வரிசையின் பெயரைச் சொல்லி நாம் செய்த அநியாயம் குறைவா? ஓய்வூதியக் கருத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். பணிப்பதிவேட்டைச் சரிபார்த்து, நிலுவையின்மைச் சான்றுகள் எல்லாம் சேர்ந்த பிறகே மாநிலக் கணக்காயருக்கு அனுப்ப முடியும். அங்கிருந்து ஆணை வந்த பிறகே கருவூலத்தில் பணம். இந்த வரிசையை யாரும் மாற்ற முடியாது. ஆனால் நான்கு அலுவலகங்களிலிருந்து வாங்க வேண்டிய நிலுவையின்மைச் சான்றை ஒரே நாளில் நான்கு கடிதம் போட்டுக் கேட்டிருக்கலாமே? ஒன்று வந்த பிறகு அடுத்தது என்று கேட்டு, ஓய்வு பெற்ற மனிதரை எட்டு மாதம் அலைய வைத்த குமாஸ்தாக்கள் நம்மில் இருந்தார்கள். நானும் ஒன்றிரண்டு முறை அப்படி இருந்திருக்கிறேன். ஒன்றாக ஓடக்கூடியதை வரிசையில் நிறுத்துவது சோம்பல். வரிசையில் ஓட வேண்டியதை ஒன்றாக அவிழ்த்துவிடுவது அலட்சியம். முதலாவது நம் தலைமுறையின் வியாதி, இரண்டாவது அவர்களுடையது. எது எதற்காகக் காத்திருக்க வேண்டும், எது எதற்கும் காத்திருக்க வேண்டாம் என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் மருந்து கிடைத்துவிடும்.

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். நாம் தமிழில் 'கணினி' என்கிறோம், கணக்குப் போடுவது என்ற பொருளில். ஆங்கிலத்திலும் அதே பொருள்தான். பிரெஞ்சில் அதன் பெயர் 'ஒர்தினாதேர்'. 1955-ல் ஐபிஎம் கம்பெனியின் பிரான்ஸ் கிளை தன் புது இயந்திரத்துக்குப் பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல் அது. உலகத்தை ஒழுங்கில் வைக்கும் கடவுளைக் குறிக்கப் பழைய அகராதியில் இருந்த சொல். ஒழுங்குபடுத்துவது என்று பொருள். கணக்கை வேகமாகப் போடுவது அந்த இயந்திரத்தின் திறமையாக இருக்கலாம். எது முன், எது பின் என்று வைப்பதே அதன் வேலை என்று அந்தப் பேராசிரியர் நினைத்திருக்கிறார். பெங்களூர்த் தம்பிக்கு என் பதிலும் அதுதான். நான் அரசு அலுவலகப் பழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவரவில்லை. கணினிக்கே அந்த வேலையைச் சொல்லிப் பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது எங்கள் தளம் எப்படி ஓடுகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பழைய லைப்ரரியை விட்டுவிட்டோம். அழிப்பது முதலில். மாற்றுவது, சுருக்குவது, அழகுசெய்வது மூன்றும் ஒன்றாக ஓடுகின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை, காத்திருக்கத் தேவையில்லை. மூன்றும் தனித்தனியாக 'முடிந்தது' என்று சொன்ன பிறகே ஏற்றும் வேலை தொடங்கும். ஒன்று 'முடியவில்லை' என்றால் எதுவும் ஏறாது, பழைய தளம் அப்படியே முழுதாக நிற்கும். கடைசியாக ஒரு வேலை சேர்த்திருக்கிறேன். சர்வரில் ஏறிய ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, நம்மிடம் இருப்பதோடு அது பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே முகப்பில் தேதி மாறும். முன்பு தேதி முதலில் மாறியது, இப்போது கடைசியில். எல்லாம் சேர்ந்து முன்னைவிடச் சில விநாடிதான் கூடுதல். அந்தச் சில விநாடியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஒரு அம்மாவின் ஒரு நாளைத் தொலைத்தோம்.

அவர் இன்னமும் எங்கள் தளத்தைத்தான் பார்க்கிறார். ஆனால் பஸ் ஏறுவதற்கு முன் எனக்கு ஒரு போன் வந்துவிடும்.

"அண்ணே, இது புதுசுதானே? கிளம்பலாமா?"

நான் கணினியைத் திறந்து, அந்தப் பக்கத்தைப் பார்த்து, அதில் உள்ள தாள்களை ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்வேன். அவர் பையில் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டு "ம்" என்பார். கடைசித் தாளும் பைக்குள் போய், "எல்லாம் வச்சிட்டேன்ணே" என்று அவர் வாயால் சொன்ன பிறகே போனை வைப்பேன்.